முட்டுச்சந்தின் இருபத்துமூன்றாவது புத்தகம்

பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணா,

முதலில் என் கண்ணில் பட்டது பக்கங்களின் மூலைதான். நீ கட்டிலுக்கு அடியில் விட்டுப்போன பெட்டியில் இருபத்துமூன்று படக்கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பக்கத்தின் கீழ்மூலை மட்டும் அழுக்காக இருக்கிறது. மற்றப் பக்கங்களை நீ விறுவிறுவென்று திருப்பியிருக்கிறாய். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் கட்டைவிரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறாய். நானும் அங்கே வந்ததும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் திருப்புகிறேன்.

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. டெய்லர் கடையில் என்னைக் காஜா எடுக்க விட்டிருக்கிறார்கள், அதாவது பொத்தான் துளையைச் சுற்றி நூல் கட்டும் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை. வாடிக்கையாளர் வந்தால் திரைக்குப் பின்னால் போய்விடுகிறேன். டெய்லர் மாமாவுக்கு அதில் வருத்தம். "ஏம்மா, சட்டை வாங்க வந்தவன் உன்னையா கடிச்சுத் திங்கப்போறான்?" என்கிறார்.

இந்த எழுத்தாளர் தன் பெயரை 'முட்டுச்சந்து' என்று மட்டும் போட்டிருக்கிறார். இப்படியா ஒரு மனுஷர் பெயர் வைத்துக்கொள்வார்? முதல் புத்தகத்தில் தபால்காரர் பையில் கடிதங்களுக்குப் பதில் கதவுகள் இருக்கின்றன. வீடு வீடாக ஒரு கதவு கொடுக்கிறார். எல்லோரும் நன்றி சொல்லி வாங்கி, சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போகிறார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. நீ இதைப் படித்துவிட்டுத் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிப்பாயே, எப்படி?

பதில் போடு.

உன் தங்கை


மார்ச் 2

என் ஊமைக்கோட்டானுக்கு,

நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். அழுக்கு விரலை வைத்து அண்ணனைப் பிடித்த துப்பறியும் புலிக்கு என் வணக்கம்.

இங்கே கண்ணாடி பல்பு வேலை. வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் குழியில் வைத்துத் திருகினால் எரிய வேண்டும். எரிந்தால் அட்டைப்பெட்டிக்கு, எரியாவிட்டால் தொட்டிக்கு. நாள் முழுக்க இதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால், இமைக்கு உள்ளேயும் ஒருவன் பல்பு திருகிக்கொண்டிருக்கிறான். மாடியில் படுக்கை. ஒரு அறைக்குப் பதினாறு பேர், பதினாறு விதமான குறட்டை.

கைபேசியை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலையில் கவனம் வேண்டுமாம். புத்தகமும் கூடாது. அதனால் நீ ஒன்று செய். முட்டுச்சந்தை வரிசையாகப் படித்து, ஒவ்வொரு கதையையும் எனக்கு எழுதி அனுப்பு. சுருக்கமாக வேண்டாம், கட்டம் கட்டமாகச் சொல். இருபத்துமூன்றாவதை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்.

நீ எழுதிய தேதிக்கும் கடிதம் என் கைக்கு வந்த தேதிக்கும் நடுவே பதினெட்டு நாள். பரவாயில்லை. நல்ல கதை நாலு கை மாறி வந்தாலும் ஊசிப்போகாது.

பதினொரு மாத ஒப்பந்தம். டிசம்பரில் வந்து உன் காதைத் திருகுகிறேன்.

அண்ணன்


மார்ச் 25

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். நீ சாப்பிடுகிறாயா என்று அம்மா மூன்று தடவை எழுதச் சொன்னாள். ஒரு தடவையோடு விடுகிறேன்.

இத்துடன் ஆறு கதைகள் தனித்தாளில் இருக்கின்றன. எனக்கு ரொம்பப் பிடித்தது பதினான்காவது. ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலி ஆகிறார்கள். புதிதாக ஒருவர் வேலைக்கு வருகிறார். அவர் உட்கார்ந்ததும் நாற்காலி, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அந்த முட்டியில வலி" என்கிறது. அவர் மன்னிப்புக் கேட்டுத் தள்ளி உட்கார்கிறார். அவ்வளவுதான், வேலை நடக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவர் வீட்டுக்குப் போய் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். மனைவி ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் உன் விரல் அழுக்கு இருக்கிறது.

நீ எப்போதும் முதல் எட்டுப் புத்தகங்கள்தான் உசத்தி என்பாய். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவற்றில் மீன் மாடிப்படி ஏறுகிறது, குடை முட்டையிடுகிறது, நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் வேடிக்கை காட்டுகிறேன் பார் என்று அவர் நம் தோளைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். ஒன்பதாவதிலிருந்து தட்டுவதை நிறுத்திவிட்டார். விசித்திரம் ஒரு கதைக்கு ஒன்றே ஒன்றுதான் வருகிறது. மற்றதெல்லாம் நம் வீடு மாதிரி, நம் தெரு மாதிரி இருக்கிறது. அதனால்தான் அது நிஜம் மாதிரி ஆகிவிடுகிறது. படம் வரைகிறவர் மூன்று தடவை மாறியிருக்கிறார். ஆனால் எழுதியவர் ஒருவர்தான் என்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தெரிகிறது. யாரும் கத்துவதில்லை. யாரும் ஆச்சரியப்படுவதில்லை. கெடுதல் செய்கிறவர்தான் எல்லோரையும்விட மரியாதையாகப் பேசுகிறார்.

இவ்வளவு பேச்சு எனக்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நிற்பேன், ஞாபகம் இருக்கிறதா? எழுதும்போது மட்டும் வருகிறது.

இருபத்துமூன்றாவதைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் அதுதான் பயம். பிறகு எழுதுகிறேன்.

உன் ஊமைக்கோட்டான்


மே 11

என் ஊமைக்கோட்டானுக்கு,

நான் நலம். அம்மாவின் கால் எப்படி இருக்கிறது?

ஆறு கதைகளும் வந்து சேர்ந்தன. இங்கே நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். நாற்காலிக் கதை முடிந்ததும் ஒருவர் எழுந்து நின்றுகொண்டார்.

முதல் எட்டுதான் உசத்தி என்று நான் சொன்னது தப்பு. ஒன்பதாவதை எழுதி அனுப்பு. முன்னால் அதைப் படித்து ரொம்பச் சிரித்திருக்கிறேன். இப்போது எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். தினமும் அதை நினைத்துக்கொள்கிறேன். பல்பு வரிசையில் நிற்கும்போது நினைக்கிறேன். முற்றத்தில் உடைசலைக் கொட்டப் போகும்போது ரொம்பவே நினைக்கிறேன். நீ அதை மெதுவாகப் படி. இரண்டு தடவை படி.

அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம்.

ஒன்பதாவதை இரண்டு தடவை இல்லை, ஐந்து தடவை படித்துவிட்டேன். செருப்பு விடுதி. வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். காலையில் திரும்பக் கேட்டால் மேலாளர் கைகூப்பி, "இன்னும் காயலைங்க, நாளைக்குத் தந்துடறோம்" என்கிறார். வெளியே தெரு முழுக்க ஊசி. யாரையும் பூட்டி வைக்கவில்லை. கதவு திறந்துதான் கிடக்கிறது. பத்து வருடம் ஆகிறது. விருந்தினர்கள் ஜன்னலில் நின்று தெருவைப் பார்க்கிறார்கள். மேலாளர் தினமும் காலையில் வந்து, செருப்பு இன்னும் ஈரமாகவே இருக்கிறது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போகிறார்.

அண்ணா, இதை ஏன் படிக்கச் சொன்னாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் செருப்பையும் வாங்கி வைத்துக்கொண்டார்களா? முற்றம் முழுக்க உடைந்த கண்ணாடியா? அதைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டுமா? அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்களா? டிசம்பரில் உன்னை விடுவார்களா? பயப்படாமல் எழுது. நான் டெய்லர் மாமாவிடம் சொல்கிறேன். அவர் வெளியில் நாலு பேரைத் தெரிந்தவர்.

இத்துடன் இன்னும் ஐந்து கதைகள் வைத்திருக்கிறேன். பதில் உடனே போடு.

உன் தங்கை


ஜூலை 14

அன்புள்ள தங்கைக்கு,

நான் இங்கு மிக்க நலமாக இருக்கிறேன். உணவும் தங்குமிடமும் சிறப்பாக உள்ளன. அதிகாரிகள் எங்களை அன்புடன் நடத்துகிறார்கள். என் விருப்பத்தின் பேரில் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுள்ளேன். படக்கதைகள் சிறுபிள்ளைகளுக்கானவை. இனி அவற்றைப் பற்றி எழுத வேண்டாம். பெட்டியில் உள்ள புத்தகங்களைப் பழைய கடையில் போட்டுவிடவும். தாயாரின் உடல்நலத்தைப் பேணவும்.

இப்படிக்கு,
அண்ணன்


ஜூலை 22

எண் 118-இன் சகோதரிக்கு,

நீங்களும் தங்கள் தாயாரும் நலம் என நம்புகிறேன்.

நான் இங்கே கடிதப் பிரிவில் இருக்கிறேன். உள்ளே வரும் கடிதங்களும் வெளியே போகும் கடிதங்களும் என் மேசை வழியாகத்தான் போகும். வெளியேறும் சீட்டுகளும் அப்படியே. சென்ற வாரம் தங்களுக்கு வந்த கடிதம் நான் எழுதிக் கொடுத்தது. 118 அதைப் பார்த்து எழுதினார். கையெழுத்து அவருடையது, வேறு எதுவும் அவருடையதல்ல என்பதைத் தாங்கள் முதல் வரியிலேயே கண்டுகொண்டிருப்பீர்கள். தாங்கள் கவனித்துப் படிக்கிறவர்.

தங்கள் மே மாதக் கடிதத்தில் சில கேள்விகள் இருந்தன. அவற்றை மேலே காட்ட வேண்டியதாயிற்று. அதன் பிறகு 118 முற்றத்தில் உடைசல் அள்ளும் வேலைக்கு மாற்றப்பட்டார். இப்போது பாதங்களில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். மருந்து கொடுக்கப்படுகிறது. தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

நான் எழுதுவது வேறு ஒரு விஷயத்துக்காக. இருபத்திரண்டு வருடமாக இந்த மேசையில் கடிதம் படிக்கிறேன். மழை பெய்தது, காய்ச்சல் வந்தது, எப்போது வருவாய். இதைத் தவிர எவரும் எதுவும் எழுதியதில்லை. தங்கள் பதினொரு கதைகளையும் படித்தேன். நாற்காலிக் கதையை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருபத்துமூன்றாவது புத்தகம்தான் எல்லாவற்றிலும் பயம் என்று மார்ச் மாதம் எழுதியிருந்தீர்கள். பிறகு அதை அனுப்பவே இல்லை.

அதை என் பெயருக்கு அனுப்பி வையுங்கள். கதை மட்டும் எழுதுங்கள். வேறு எதையும் எழுதினால் அது 118-க்கு நல்லதல்ல.

கடிதப் பிரிவு


ஆகஸ்ட் 4

கடிதப் பிரிவில் இருக்கும் ஐயாவுக்கு,

வணக்கம். தாங்கள் கேட்ட கதை இதோ.

இருபத்துமூன்றாவது புத்தகத்தின் பெயர் 'எண்ணுகிறவர்'. ஒரு பெரிய வீடு. வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒரு நாற்காலி. அதில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தினமும் சாயங்காலம் வீட்டில் இருக்கிறவர்களை எண்ணி எழுதுவது அவர் வேலை. முதல் நாள் நாற்பது. மறுநாள் முப்பத்தொன்பது. கதவு திறக்கவில்லை, யாரும் வெளியே போகவில்லை. சாப்பாட்டு மேசையில் நாற்பது தட்டும் காலியாகிறது. ஆனால் எண்ணினால் முப்பத்தொன்பதுதான்.

அவர் நல்லவர். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்கிறார். "மன்னிக்கணும், நீங்க இருக்கீங்களா?" "இருக்கேன்." "நன்றி." எல்லோருமே இருக்கேன் என்கிறார்கள். கூட்டினால் முப்பத்தெட்டு. அதற்கடுத்த நாள் முப்பத்தேழு. படங்களில் அவருக்கு மட்டும்தான் முகம் இருக்கிறது. மற்றவர்களுக்கு முதுகுதான். நாளாக ஆக அவருடைய மூக்கும் புருவமும் இன்னும் தெளிவாக வரையப்படுகின்றன. முதுகுகள் வெறும் கோடாக ஆகின்றன.

நாற்பதாவது நாள் எண்ணிக்கை ஒன்று. ஆனால் வீடு நிறைய ஆட்கள். இருமல், பாத்திரச் சத்தம், மாடிப்படியில் காலடி எல்லாம் கேட்கிறது. அவர் தாளில் ஒன்று என்று எழுதப்போகும்போது வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இடுக்கு வழியாகப் பார்த்தால் ஒரு சின்னப் பெண். "ஒருத்தரை எண்ண மறந்துட்டீங்க" என்கிறாள்.

"யாரை?" என்று கேட்கிறார். அவருடைய பேனா முனை தாளைத் தொட்டபடி நிற்கிறது.

என் அண்ணனின் பாதங்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

118-இன் தங்கை


ஆகஸ்ட் 13

118-இன் சகோதரிக்கு,

நலம்தானே?

மீதி?

கடிதப் பிரிவு


ஆகஸ்ட் 18

ஐயாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம்.

மீதியை எழுத மாட்டேன். வாயால் சொல்கிறேன். தங்கள் வாசலுக்கு நான் வருகிறேன். என் அண்ணன் செருப்புப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையோடும் வெளியேறும் சீட்டோடும் வாசலுக்கு வெளியே வந்து என் பக்கத்தில் நின்ற பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வரிகூடச் சொல்ல மாட்டேன்.

அண்ணனுக்கு ஏதாவது ஆனால் புத்தகத்தை அடுப்பில் போட்டுவிடுவேன். முட்டுச்சந்து இப்போது எழுதுவதில்லை. இந்தப் புத்தகம் வேறு எங்கும் கிடைக்காது. தாங்கள் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

118-இன் தங்கை


ஆகஸ்ட் 29

118-இன் சகோதரிக்கு,

தாங்கள் கேட்பது இங்கே வழக்கமில்லை. ஆம், தேடினேன். கிடைக்கவில்லை.

செப்டம்பர் ஏழு, ஞாயிறு, காலை பத்து மணி. பின்வாசல். அன்று மேலதிகாரிகள் யாரும் இருக்க மாட்டார்கள். தாங்கள் மட்டும் வாருங்கள். வேறு எவரையாவது பார்த்தால் வாசல் திறக்காது. 118 என்னுடன் வருவார். வாசல்படிக்கு உள்ளே நிற்பார். செருப்பும் அட்டையும் சீட்டும் என் கையில் இருக்கும். முதலில் கதை. கதை முடிந்ததும் அவர் படியைத் தாண்டுவார். இதில் மாற்றம் இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தங்கள் கதைகள் அனைத்தையும் நான் நகல் எழுதி வைத்திருக்கிறேன். முட்டுச்சந்து எப்படி முடிப்பார், எப்படி முடிக்க மாட்டார் என்பது எனக்கு இப்போது தெரியும். கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

தாயாருக்கு என் விசாரிப்புகள்.

கடிதப் பிரிவு


செப்டம்பர் 6

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. நாளைக்கு நீ படியைத் தாண்டியதும் உன் கையில் கொடுப்பேன். அதனால் முதல்தடவையாக யாருக்கும் பயப்படாமல் எழுதுகிறேன். உன் கால் எப்படி இருக்கிறது? நடக்க முடிகிறதா? அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. உன் ஜூலைக் கடிதத்தை டெய்லர் மாமா படித்துக் காட்டியபோது, "புள்ளைக்கு எவ்வளவு மரியாதையா எழுத வந்துடுச்சு பாரு" என்று சந்தோஷப்பட்டாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மே மாதம் அந்தக் கேள்விகளை நான் எழுதியிருக்கக் கூடாது. நீ கதையை மட்டும் சொன்னாய். நான் கதைக்கு வெளியே வந்து கேட்டுவிட்டேன். புரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் கேட்டேன் அண்ணா. பள்ளிக்கூடத்தில் கடைசிவரை எனக்கு எதுவும் முதலில் புரிந்ததே இல்லை, அதனால்தான்.

அந்தக் கடிதப் பிரிவுக்காரருடைய கடிதம் வந்ததும் டெய்லர் மாமாவோடு காவல் நிலையத்துக்குப் போனேன். உன் கடிதத்தையும் அவருடையதையும் மேசையில் வைத்தோம். அங்கே இருந்தவர் உன்னுடையதைப் படித்துவிட்டு, "அவனே கைப்பட எழுதியிருக்கான், நல்லா இருக்கேன்னு. அப்புறம் என்ன?" என்றார். மற்றதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை, யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்றார். மாமா என்னைப் பார்த்து, "நீ சொல்லும்மா, நீதானே எல்லாத்தையும் படிச்சவ" என்றார். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். வெளியே வந்து மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடுவரைக்கும் கூடவே வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது உனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இருபத்துமூன்றாவது புத்தகத்தில் கடைசி எட்டுப் பக்கம் கிடையாது. நீ வாங்கும்போதே கிழிந்திருந்தது. அதனால்தான் பழைய புத்தகக்காரர் சும்மா கொடுத்தார் என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். "யாரை?" என்று அவர் கேட்கிறார், அதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. நான் அவருக்கு எழுதியபோது எதையும் மறைக்கவில்லை. இருந்ததை எல்லாம் எழுதினேன். பக்கம் தீர்ந்தது, நிறுத்தினேன். 'மீதி?' என்று ஒரே ஒரு வார்த்தை வந்ததும்தான், நான் கையில் எதையோ பிடித்து வைத்திருப்பதாக அவர் நினைக்கிறார் என்று புரிந்தது. அந்த நிமிஷம் உன்னைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன். அவர் நம்பியதை அப்படியே விட்டுவிட்டேன்.

பத்தொன்பது நாளாக இருபத்திரண்டு புத்தகங்களையும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். காஜா எடுக்கும்போதும் அதுதான் நினைப்பு. நேற்று ஒரு சட்டைக்கு எட்டுத் துளை போட்டுவிட்டேன், பொத்தான் ஏழுதான். முட்டுச்சந்து கதைகளில் பூட்டைச் சாவியால் திறந்ததே இல்லை. யாரும் சண்டை போட்டு ஜெயித்ததும் இல்லை. கெட்டவர் திருந்துவதும் கிடையாது. அவர் தன் வேலையை ரொம்பச் சரியாகச் செய்கிறார், அவ்வளவு சரியாகச் செய்வதில்தான் ஏதோ ஒன்று கழன்றுகொள்கிறது. இந்தக் கதையும் அப்படித்தான் முடிய வேண்டும்.

அதனால் இப்படி வைத்திருக்கிறேன். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. அவர் திரும்பி வீட்டைப் பார்க்கிறார். இத்தனை நாளும் உட்கார்ந்த இடத்திலிருந்து எண்ணியதுதான் தப்பு என்று நினைக்கிறார். எல்லோரையும் வாசலுக்கு வரச் சொல்கிறார். கதவைத் திறந்து காலால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராகத் தன் முன்னால் நடந்து போகச் சொல்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு முதுகும் அவரைத் தாண்டும்போது திரும்பி முகமாகிறது. நாற்பது. முதல் நாளுக்குப் பிறகு முதல்தடவையாகக் கணக்குச் சரியாக வருகிறது. அவர் நிம்மதியாகக் கதவைச் சாத்திவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, தாளில் நாற்பது என்று எழுதுகிறார். வீட்டில் சத்தமே இல்லை.

இதுதான் முட்டுச்சந்து. இதற்கு மேல் அவர் ஒரு கோடுகூடப் போட மாட்டார். ஆனால் இதைச் சொல்லி முடித்தவுடன் எதிரே நிற்கிறவர் தான் யார் என்று புரிந்துகொண்டு வாசலைச் சாத்திவிட்டால்? நீ இன்னும் படிக்கு உள்ளே நிற்பாய்.

அதனால் இன்னொரு முடிவும் வைத்திருக்கிறேன். அதில் கதவு சாத்துவதற்கு முன்னால் அந்தச் சின்னப் பெண் அவரைப் பார்த்து, "நாற்பத்தொண்ணு" என்கிறாள். அவர் குனிந்து தன் காலைப் பார்க்கிறார். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இது முட்டுச்சந்து இல்லை, நான். அவர் கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். உலகத்திலேயே நம் இருவரையும் விட்டால் இந்தக் கதைகளை இவ்வளவு நன்றாகப் படித்திருக்கிற ஒரே ஆள் அவர்தான். அதை நினைத்தால்தான் எனக்கு ரொம்பப் பயம். எது சரி என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் யார் முகத்தையும் நேராகப் பார்த்ததில்லை.

டெய்லர் மாமாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். பின்வாசல் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி நிற்பார். பதினொரு மணிக்குள் நாம் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காலை ஆறரைக்குப் பேருந்து. உனக்கு ஒரு ஜோடி செருப்பு நானே எடுத்து வைத்திருக்கிறேன். அவர் கையில் இருப்பதை நம்பி வர முடியாது.

இப்போது மத்தியானம். அம்மா அடுத்த அறையில் படுத்திருக்கிறாள்.

இதுவரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். சுவரைப் பார்த்து நின்று, "ஒரு பெரிய வீடு" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அடுத்த அறையிலிருந்து அம்மா, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள். நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன்.